கால் வைத்த கோழிக்கூடு

1

பெகு வாசகசாலை நண்பர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. யுத்தம் முடிந்து தபால் ஓட ஆரம்பித்த பிறகு பர்மாவிலிருந்து எனக்கு வந்த முதல் கடிதம் அது. வாசகசாலையை மறுபடி திறந்துவிட்டோம், ஆற்றங்கரை மில்லில் நெல் அரைபட ஆரம்பித்துவிட்டது, உன் குமாஸ்தா வேலை காலியாகத்தான் இருக்கிறது, எப்போது கிளம்பி வருகிறாய் என்று கேட்டிருந்தீர்கள். அப்படியே நம் பத்திரிகைக்கு மதுரைப் பக்கத்து வாழ்க்கையைப் பற்றி நாலு பக்கம் எழுதச் சொல்லியிருந்தீர்கள். இரண்டுக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். இத்தனை நாள் பதில் போடாததற்குக் காரணம் ஒரு கோழிக்கூடு. சிரிக்காமல் கேளுங்கள்.

இந்த மாசியோடு நாங்கள் கீழக்குயில்குடிக்கு வந்து நாலு வருஷம். 'சொந்த ஊர் போய்ச் சேர்ந்துவிட்டான்' என்று எழுதியிருக்கிறீர்கள். நான் பிறந்தது பெகுவில் என்பது உங்களுக்குத் தெரியாதா? முப்பத்திரண்டு வயதுவரை இந்த ஊரை நான் கண்ணால் பார்த்தது கிடையாது. இது அப்பா விட்டுவிட்டு வந்த ஊர். எனக்கு அந்நிய தேசம். அந்நிய தேசத்தில் எல்லோரும் தமிழ் பேசுகிறார்கள் என்பதுதான் பெரிய குழப்பம். வேறு பாஷையாக இருந்தால் புரியாததற்கு ஒரு காரணமாவது சொல்லிக்கொள்ளலாம்.

வந்த புதிதில் டீக்கடையில் எல்லோரும் என்னைச் சுற்றி உட்கார்ந்து, ஜப்பான் குண்டுக்குப் பயந்து பர்மாவிலிருந்து காட்டு வழியாக நடந்து வந்த கதையைச் சொல்லச் சொன்னார்கள். நாங்கள் கப்பலில் வந்தோம் என்றேன். அவர்கள் முகத்தில் விழுந்த ஏமாற்றத்தைப் பார்த்து எனக்கே வெட்கமாகிவிட்டது. நாலு மைலாவது நடந்து வந்திருக்கலாம்.

2

காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு பழங்காநத்தம் போகிறேன். அங்கே ஒரு நெல் மண்டியில் எடை பார்க்கும் வேலை. சாயங்காலம் ஊரை ஒட்டிய மலையைப் பார்த்தபடி திரும்பி வருகிறேன். அப்பாவின் தம்பி வீட்டில், பின்பக்கத்து ஒற்றை அறையில் நானும் என் மனைவி தனமும் மகள் பவளமும் இருக்கிறோம். நான் அவரைச் சித்தப்பா என்கிறேன். ஊரில் எல்லோருக்கும் அவர் சின்னய்யா. கப்பலை விட்டிறங்கி, ஒரு டிரங்குப் பெட்டியோடு வாசலில் போய் நின்றபோது, "வாப்பா, சாப்டியா" என்று மட்டும் கேட்டார். எத்தனை நாள் இருப்பாய் என்று இந்த நாலு வருஷத்தில் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. இந்த அறையை விட்டால் இந்தத் தேசத்தில் எங்களுக்கு வேறு கூரை இல்லை.

ரேஷன் கார்டு வாங்கப் போனபோது குமாஸ்தா சொந்த ஊர் என்ன என்று கேட்டார். பெகு என்றேன்.

"அது எந்தத் தாலுகா?"

விளக்கிச் சொன்னேன். அவர் பேனாவை வைத்துவிட்டு, "அண்ணே, ஃபாரத்துல அம்புட்டு எடம் இல்ல" என்றார். கீழக்குயில்குடி என்று எழுதிக்கொண்டார். நானும் முப்பத்திரண்டு வருஷம் பார்த்திராத ஊர்க்காரன் ஆனேன்.

பவளத்துக்கு இப்போது எட்டு வயது. பெகுவில் பக்கத்து வீட்டுப் பர்மியக் குழந்தைகளோடு அவர்கள் பாஷையிலேயே சண்டை போட்டவள். போன வாரம் அந்தப் பாஷையில் பத்துவரை எண்ணச் சொன்னேன். மூன்றோடு நின்றுவிட்டது. "எதுக்குப்பா அது? இங்க எவ கூடப் பேசப் போறேன்?" என்றாள். நான் வாயைத் திறந்தாலே சிரிக்கிறாள். பள்ளிக்கூடத்தில் 'எங்கப்பா பர்மாக்காரரு' என்று சொல்லிவைத்திருக்கிறாளாம். அப்படியென்றால் அவள் யார் என்று கேட்டேன். விளையாடப் போய்விட்டாள்.

3

தை மாதம் சின்னம்மா, அதாவது சித்தப்பாவின் சம்சாரம், தனத்துக்கு இரண்டு வெடக்கோழியும் ஒரு சேவலும் கொடுத்தாள். தனம் மலேரியாவில் எலும்பும் தோலுமாக ஆகியிருந்தாள். முட்டை சாப்பிட்டால் தேறுவாள் என்றார்கள். இரவில் பஞ்சாரக் கூடையைப் போட்டு அறைக்குள்ளேயே கவிழ்த்து வைத்தோம். ஒற்றை அறையில் மூன்று மனிதரும் மூன்று கோழியும் என்றால் மூக்கின் கதி என்ன? சேவலுக்கு வேறு விடியல் எப்போது என்று தெரியாது.

கொல்லையில், சித்தப்பாவின் பக்கத்துக்கும் எங்கள் அறைக்கும் நடுவே ஒரு பழைய கோழிக்கூடு கிடந்தது. முழங்கால் உயரத்துக்குக் கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய சுவர். கூரை போய்விட்டது. ஓடுகள் உள்ளே விழுந்து கிடந்தன, நடுவில் ஒரு எருக்கஞ்செடி வளர்ந்திருந்தது. மற்றபடி அந்தக் கொல்லையில் ஒரு குப்பை இருக்காது. சின்னம்மா தினமும் கூட்டுவாள். அந்தக் கூட்டை மட்டும் சுற்றிக்கொண்டு கூட்டுவாள். அதைப் பார்த்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

எனக்குக் கட்டுமானம் தெரியாது. மில்லில் உட்கார்ந்து பேனா பிடித்த கை. ஒரு ஞாயிற்றுக்கிழமை எருக்கஞ்செடியைப் பிடுங்கினேன். பகலில் மேய்கிற கோழிகள் உள்ளே போட்டுக் கட்டியாகிக் கிடந்த எச்சத்தை மண்வெட்டியால் சுரண்டினேன். அதிலிருந்த பேன் அத்தனையும் என்மேல் ஏறிவிட்டது. வேப்பிலை போட்டுப் புகை மூட்டினேன். சுவரில் ஒரு பக்கம் தொட்டதும் சரிந்தது, அதைத் தாங்கப் போய் மறுபக்கத்தையும் சரித்தேன். ஆக, பழுது பார்ப்பதாக ஆரம்பித்தது புதிதாகக் கட்டுவதில் வந்து நின்றது.

இங்கேதான் அந்தத் தப்பு நடந்தது. பெகுவில் நம் ஆட்களை உங்களுக்குத் தெரியும். மாட்டுக்கு ஒரு முளை அடிப்பதென்றாலும் பஞ்சாங்கம் பார்ப்போம். ஊரைவிட்டுத் தூரமாக வந்துவிட்டோம், முறையையும் விட்டுவிடக்கூடாது என்று நம் அம்மாக்கள் நடுங்கி நடுங்கிச் செய்ததையே நாமும் செய்து பழகிவிட்டோம். தனம் நல்ல நேரம் பார்த்தாள். ஈசானிய மூலையில் சிறு குழி தோண்டச் சொன்னாள். முதல் கல்லுக்கு மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, பூச்சுற்றி, சூடம் காட்டினாள். நான் தேங்காய் உடைத்தேன்.

சின்னம்மா முறத்தோடு அப்படியே நின்றுவிட்டாள். சித்தப்பா பின்வாசலில் நின்று பார்த்தார். தேங்காய்ச் சில்லை எடுத்துக்கொண்டு போய் அவரிடம் நீட்டினேன். வாங்கிக்கொள்ளாமல் உள்ளே போய்விட்டார். பல்லில் வலி இருக்கும் என்று நினைத்தேன்.

4

அன்றிலிருந்து சித்தப்பாவின் தினசரி 'சாப்டியா' நின்றுபோயிற்று.

நான் எதிரே வந்தால் சித்தப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேறு பக்கம் திரும்புவார். கிணற்றடிக்குத் தனம் போனால் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கயிற்றை அவள் கையில் கொடுக்கிறார்களாம். அதுவும் மிகவும் மரியாதையாக. அந்த மரியாதைதான் பயமாக இருக்கிறது என்றாள் தனம். கோழியைக் கொடுத்தவர்கள் கூட்டைக் கட்டினால் ஏன் முகத்தைத் திருப்ப வேண்டும்? எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. கூடு அசிங்கமாக இருக்கிறதோ என்று நினைத்து, சுவரை நூல் பிடித்து இன்னும் ஒரு வரிசை உயர்த்தினேன்.

கதவுக்கும் கூரைச் சட்டத்துக்கும் ஆணி வேண்டியிருந்தது. பழங்காநத்தம் கடையில் ஆணிக்குப் பெர்மிட் வேண்டும் என்றார்கள். யுத்தம் முடிந்தும் பெர்மிட் முடியவில்லை. மண்டியில் அரைநாள் லீவு சொல்லிவிட்டுத் தாலுகா ஆபீஸ் போனேன். அங்கே இருந்தவர் என்ன கட்டடம் என்றார். கோழிக்கூடு என்றேன். நான் விளையாடுகிறேன் என்று நினைத்து முறைத்தார்.

"மனை யாரு பேருல இருக்கு?"

"தெரியாது. சித்தப்பா வீடு."

"ஒங்க அப்பா பங்கு எம்புட்டு?"

அதுவும் தெரியாது என்றேன். அதைத் தெரிந்துகொண்டு, கிராமக் கணக்குப்பிள்ளையிடம் எழுதி வாங்கிக்கொண்டு வரச் சொன்னார். நானும் சாதுவாகக் கணக்குப்பிள்ளை வீட்டுக்குப் போய், எங்கள் மனையில் அப்பா பங்கு எவ்வளவு என்று கேட்டேன். ஒரு பிடி ஆணிக்காக. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அப்ப கோர்ட்டுக்குப் போறதாவே முடிவு பண்ணிட்டீக" என்றார்.

5

அடுத்த வீட்டு வீரணனுக்கு என் வயது. எனக்கு மாமன் மகன் முறையாம், மாப்ள என்றுதான் கூப்பிடுவான். மறுநாள் மண்டிக்குப் போகிற வழியில் சைக்கிளைப் பிடித்து நிறுத்தினான்.

"மாப்ள, உண்மையச் சொல்லு. கேஸ் போடப் போறியா?"

"என்ன கேஸ்?"

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு சைக்கிள் ஹாண்டில்மேல் தலையை வைத்துக்கொண்டு சிரித்தான். அவன் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அப்பாவும் சித்தப்பாவும் வாலிபத்தில் பங்கு பிரித்தபோது வயல் பிரிந்தது, வீடு பிரிந்தது, கொல்லையில் மட்டும் கோடு கோழிக்கூட்டுக்கு நடுவே வந்து நின்றுவிட்டது. கூடு என் பங்கு என்று இருவரும் மல்லுக்கு நின்றார்கள். பஞ்சாயத்தார் அலுத்துப்போய், அண்ணனும் தம்பியும் ஒத்துவருகிறவரை அதில் யாரும் கைவைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த வருஷமே அப்பா பர்மாவுக்குக் கப்பலேறிவிட்டார். அன்றுமுதல் அந்தக் கூட்டுக்குள் விழுந்த ஓட்டுத் துண்டைக்கூட எவரும் எடுத்து வைத்ததில்லை.

"கோழிக்கூட்டுக்கு எவனாச்சும் தேங்கா ஒடைப்பானா மாப்ள? மனைக்குத்தான ஒடைப்பாக. நீ ஊரறியக் கடக்கால் போட்டுருக்க. அப்பன் சாகுறப்பச் சொல்லிட்டுப் போயிருக்கான், மகன் நாலு வருசம் பதுங்கி இருந்து காரியத்த முடிச்சிட்டான்னு பேசிக்கிறாய்ங்க."

என்னை இவ்வளவு சாமர்த்தியசாலியாக இதுவரை யாரும் நினைத்ததில்லை. அப்பா இந்தக் கூட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. தம்பியைப் பற்றியே அதிகம் சொன்னதில்லை. அவமானத்தில் எனக்குக் காது இரண்டும் எரிந்தன. நாலு வருஷம் சோறு போட்டவரின் கொல்லையில் சூடம் கொளுத்திப் பங்கு கேட்டிருக்கிறேன்.

அன்று சாயங்காலமே சித்தப்பா முன்னால் போய் நின்றேன்.

"சித்தப்பா, எனக்குச் சத்தியமாகத் தெரியாது."

"எனக்கென்னப்பா. ஒங்கப்பன் பங்கு. நீ கெட்டுற."

"நாளைக்கே பிரிச்சுடறேன்."

"கெட்டுனதும் நீ, பிரிக்கிறதும் நீ. என்னய எதுக்குக் கேக்குற?"

மறுநாள் சுவரைப் பிரித்தேன். கூட்டைப் பழையபடி பாழாக்கி வைக்கப் பார்த்தேன். எந்தக் கல் எங்கே விழுந்து கிடந்தது என்று ஞாபகப்படுத்தி அங்கங்கே போட்டேன். உடைந்த ஓடுகளை உள்ளே பரப்பினேன். எருக்கஞ்செடிக்கு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. வேலிக்கு மேலே எட்டிப் பார்த்த வீரணன், நான் கோபத்தில் எல்லாவற்றையும் போட்டு உடைக்கிறேன் என்று ஊர் சொல்வதாகச் சொன்னான்.

உங்கள் கடிதம் வந்தது அந்த வாரத்தில். இரண்டு முறை படித்தேன். மில்லின் சங்கு, ஆற்றங்கரை, என் நாற்காலி எல்லாம் அப்படியே இருக்கின்றன என்று எழுதியிருந்தீர்கள். இங்கே எனக்கு என்ன இருக்கிறது என்று தோன்றியது. தனம் டிரங்குப் பெட்டியை இறக்கித் தூசி தட்டினாள். பவளம் வாசலில் நின்று அதைப் பார்த்தாள்.

6

கிளம்புகிறவரை கோழிகளுக்கு ஒரு இடம் வேண்டுமே. இந்தத் தடவை யாருடைய மண்ணையும் தொடக்கூடாது என்று தீர்மானித்தேன். மண்ணெண்ணெய் டின் வருகிற மரப்பெட்டிகள் நாலைப் பிரித்து ஒரே பெட்டியாக்கினேன். ஆணி போதாத இடத்தில் பனைநாரால் கட்டினேன். நம் பெகுவில் வீட்டுக்கும் கால், கூட்டுக்கும் கால், இல்லையா? அந்த நினைப்பில் நாலு வேப்பங்கம்பை இடுப்பளவுக்குக் கால்களாக வைத்து, எங்கள் அறை வாசலை ஒட்டி நிறுத்தினேன். ஏறிப்போக ஒரு பலகையும் சாய்த்தேன். இதற்குத் தேங்காய் உடைக்கவில்லை.

கோழிகள் அதை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கீழேயே படுத்துக்கொண்டன. தினமும் பொழுது சாய்கிற நேரத்தில் ஒவ்வொன்றாகப் பிடித்து மேலே போட்டேன். கடைசிக் கோழியைப் போடும்போது முதல் கோழி இறங்கிவிடும். ஊர் வேலியோரம் நின்று வேடிக்கை பார்த்தது. பத்து நாள் இப்படிப் போயிற்று. பதினோராம் நாள் சேவல் தானாகப் பலகையில் ஏறியது. பின்னாலேயே மற்ற இரண்டும் ஏறின. எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. திரும்பிப் பார்த்தேன். சித்தப்பா பின்வாசலில் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை.

மறுநாள் காலை கோழிகளை இறக்கிவிட்டு நிமிர்ந்தேன். அவர் கையில் ரம்பத்தோடு நின்றார்.

"இதச் சாய்ச்சுப் போடு."

பெட்டியைச் சாய்த்துப் போட்டேன்.

"கெளம்புறியாமே."

"யார் சொன்னாங்க?"

"பவளந்தான் சொல்லுச்சு. காயிதம் வந்துருக்கு, பொட்டிய எறக்கியாச்சுன்னு. மூணு நாளா எங்கிட்டச் சோறு வாங்கித் திங்காம அழுகுது." ரம்பத்தின் பல்லைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். "கூட்டுக்கும் காலு வச்சுட்ட. தூக்கிட்டுப் போறதுக்குத்தான?"

"இல்லை சித்தப்பா. அங்கே அப்படித்தான் கட்டுவோம். தண்ணி வந்தா கோழி நனையாம இருக்க."

"இங்க தண்ணி வந்தா ஊரே தேங்கா ஒடைக்கும். அமுக்கிப் பிடி."

முதல் காலில் ரம்பத்தை வைத்தார். நான் அமுக்கிப் பிடித்தேன். ஒரு கால் அறுந்து விழுந்தது. இரண்டாவது காலை அறுக்கும்போது, என்னைப் பார்க்காமலே பேசினார்.

"அண்ணனும் இப்பிடித்தான். ஒரு கோழிக்கூட்டுக்குச் சண்ட போட்டுட்டு, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம கப்பலேறுனாரு. நானும் எளவட்டம், போனாப் போகட்டும்னு இருந்துட்டேன். வந்து கேட்டுருந்தா கூட்ட அவருக்கே குடுத்துருப்பேன்ப்பா. வரவே இல்ல. செத்த சேதிதான் வந்துச்சு."

அப்பாவும் இப்படி ஒருநாளாவது நினைத்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. அவர் வேலை பார்த்த மில்லின் வாசலில் துண்டைத் தலைக்கு வைத்துப் படுத்திருக்கும்போது நினைத்திருக்கலாம். எனக்கு அழுகை வந்துவிட்டது. மரத்தூள் கண்ணில் விழுந்ததாகச் சொல்லித் துடைத்துக்கொண்டேன். அவர் நம்பவில்லை.

நாலு காலும் போனதும், "அந்தப் பக்கம் பிடி" என்றார். இருவருமாகப் பெட்டியைத் தூக்கினோம். அவர் நேராகப் பழைய கூடு இருந்த இடத்துக்கு நடந்தார். நான் போட்டு வைத்த கற்களைக் காலால் ஒதுக்கிவிட்டு, அங்கேயே இறக்கினார். பாதி அவர் பக்கம், பாதி எங்கள் பக்கம். ஆடாமல் இருக்க ஓட்டுச் சில்லு ஒன்றை அடியில் சொருகினார்.

"தனத்தக் கூப்புடு. தேங்கா ஒடைக்கணும்னா இப்ப ஒடைக்கச் சொல்லு."

கேலியா நிஜமா என்று எனக்கு விளங்கவில்லை. தனத்துக்கும் விளங்கவில்லை. பயந்துகொண்டே தேங்காயை எடுத்து வந்தாள். சித்தப்பா அதை அவள் கையிலிருந்து வாங்கி, தானே உடைத்து, ஒரு மூடியை என்னிடம் நீட்டினார். சின்னம்மா முறத்தைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். வீரணன் வேலிக்கு மேலே தலையை நீட்டி, "அடுத்தது ஆட்டுக் கொட்டாய்க்கா?" என்றான்.

7

இப்போது அந்தக் கூடு யாருடையது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் எனக்குக் கொடுத்தாரா, எடுத்துக்கொண்டாரா, பஞ்சாயத்துப் பேச்சு என்னவாயிற்று? வீரணனைக் கேட்டேன். "அத எதுக்கு மாப்ள கேக்குற, சும்மா இரு" என்றான். இங்கே நிறைய விஷயங்களுக்கு இதுதான் பதில். நாலு வருஷத்தில் நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான், இதுவும் சரியா என்று தெரியாது.

அறுத்துப் போட்ட கால்களைச் சின்னம்மா அடுப்பில் வைத்துவிட்டாள். தனம் டிரங்குப் பெட்டியை மறுபடி பரணில் ஏற்றிவிட்டாள். நான் ஏற்றச் சொல்லவில்லை. முட்டை ஒருநாள் விட்டு ஒருநாள் கிடைக்கிறது. பவளம் தாத்தா வீட்டுக் கோழிகளையும் அதே கூட்டில் அடைக்கிறாள், மறுநாள் எந்த முட்டை யாருடையது என்று தனமும் சின்னம்மாவும் சிரித்துக்கொண்டே சண்டை போடுகிறார்கள்.

சாயங்காலம் கூட்டுக் கதவைச் சாத்துவது யார் என்பது இன்னும் முடிவாகவில்லை. நான் சைக்கிளை நிறுத்திவிட்டுப் போகிறபோது அவரும் அந்தப் பக்கத்திலிருந்து வருகிறார். கடைசிக் கோழி உள்ளே போகிறவரை இரண்டு பேரும் நிற்கிறோம். "சாப்டியா" என்கிறார். இல்லை என்கிறேன். பிறகு யாராவது ஒருவர் குனிந்து சாத்துகிறோம். ஒருநாள் மண்டியில் வேலை முடிய நேரமாகி, இருட்டுகிற சமயத்தில்தான் வந்தேன். கோழிகள் எல்லாம் உள்ளே இருந்தன. கதவு மட்டும் திறந்திருந்தது. சித்தப்பா பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

மில்லில் என் நாற்காலியை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லுங்கள்.